யூரியா போட்ட பாத்தி, போடாத பாத்தி: சிறுகீரையில் சத்து குறைகிறதா?

பாத்திக்காரி எழுதியது:

வணக்கம். மதுரைக்குக் கிழக்கே வரிச்சியூர் பக்கம் 30 சென்ட்டில் கீரை போடுகிறேன். சிறுகீரை, அரைக்கீரை, சிவப்புத் தண்டுக்கீரை, வரப்போரம் கொஞ்சம் பாலக். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. எருவும் சாம்பலும் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கொழுந்தன் வந்து வீட்டுக்குள் ஒரு சண்டையை மூட்டிவிட்டுப் போனான்.

அவன் நெல் விவசாயி. "மதினி, ஒரு டிராக்டர் எரு என்ன விலை விற்கிறது? யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சம். ஒரு கை தூவிப் பாருங்கள், பிறகு பேசுங்கள்" என்றான். பேசுவதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி எடுத்தேன். இரண்டும் 20 அடிக்கு 4 அடி. ஒரே விதை, ஒரே நாள், இரண்டிலும் அடியில் இரண்டு கூடை எரு. ஒன்றில் மட்டும் 8ஆம் நாள் 150 கிராம், 15ஆம் நாள் 150 கிராம் யூரியா. தராசில் நிறுத்துத்தான் போட்டேன்.

24ஆம் நாள் இரண்டையும் பிடுங்கினேன். யூரியா பாத்தியில் 11 கிலோ. எருப் பாத்தியில் 7 கிலோ. என் வீட்டுக்காரர் அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

ஆனால் வேறு சிலவும் கண்ணில் பட்டன. யூரியா கீரை கரும்பச்சையாக, இலை அகலமாக, பார்க்க ஜோராக இருந்தது. தண்டை ஒடித்தால் மளுக்கென்று ஒடிந்து தண்ணீர் துளிர்க்கிறது. மற்றது கொஞ்சம் நார் இழுத்துக்கொண்டு ஒடிகிறது. சாயங்காலம் கட்டி ஈரச்சாக்கு போர்த்தி, விடியற்காலம் சந்தைக்குக் கொண்டுபோனால், யூரியாக் கட்டு தலை தொங்கிவிட்டது. எருக்கட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அசுவினிப் பூச்சியும் யூரியா பாத்திக்குத்தான் வந்தது. நடுவில் ஒன்றரை அடி இடைவெளிதான், இருந்தும் பக்கத்துப் பாத்தியை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என்னிடம் வாடிக்கையாக வாங்கும் டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். மூன்றாம் நாள் வந்து, "கடைந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறது, கீரை வாசமே இல்லை, என்ன செய்தாய்?" என்று கேட்டார். சொன்னேன். "யூரியா போட்டால் ஆன்டி-ஆக்ஸிடன்ட் எல்லாம் போய்விடுமாமே" என்றார். கொழுந்தனோ, "பச்சை கூடினால் சத்து கூடுகிறது என்று அர்த்தம், டீச்சருக்கு என்ன தெரியும்?" என்கிறான்.

இவர்களில் யார் சொல்வது சரி? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு பாத்தி ஓரத்திலும் சிவப்புத் தண்டுக்கீரை ஒரு வரிசை விட்டிருந்தேன். யூரியா பக்கம் சிவப்பு மங்கி, பழுப்பும் பச்சையுமாக ஆகிவிட்டது. அது ஏன்?

விஷம், புற்றுநோய் என்று பயமுறுத்தாமல் விளக்கினால் நல்லது. எருவுக்கும் யூரியாவுக்கும் எனக்கு ஜாதிச் சண்டை இல்லை. கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவள் நான்.

இயற்கைவழி எழுதியது:

சகோதரி, இதில் கேட்பதற்கே ஒன்றுமில்லை. யூரியா உப்பு, மண்ணைக் கொல்லும். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த கரைசல், கோழி எரு, ஜீவாமிர்தம் இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றுங்கள், கெடுதலே வராது. சத்து தானாக வரும். உங்கள் கொழுந்தனைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

தங்கச்சி, மண் பரிசோதனைக் கூடத்தில் 27 வருடம் குப்பி கழுவி ஓய்வு பெற்றவன் நான். இப்படி இரண்டு பாத்தி போட்டு, நிறுத்து, குறித்து வைத்துக் கேட்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் மேலே எழுதிய தம்பிக்கு. வேருக்கு மூட்டையில் அச்சடித்ததைப் படிக்கத் தெரியாது. யூரியா ஈர மண்ணில் சில நாளில் அம்மோனியாவாகிறது. பிறகு மண்ணிலுள்ள பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்குகிறது. இப்போது வருவதெல்லாம் வேம்பு பூசியது என்பதால் இந்த இரண்டாவது வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். புண்ணாக்கும் கோழி எருவும் மக்கி முடிந்து போய்ச் சேருகிற இடமும் அதே நைட்ரேட்தான். கடலைப் புண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. தொழு எருவில் அரை சதவீதம் இருந்தால் அதிகம். "எவ்வளவு வேண்டுமானாலும்" ஊற்றினால், யூரியா செய்கிற அத்தனை வேலையையும் புண்ணாக்கும் செய்யும்.

இப்போது உங்கள் கணக்கு. 80 சதுர அடிக்கு 300 கிராம் யூரியா. ஒரு ஏக்கருக்கு அப்படிப்பட்ட பாத்தி 544 வரும். 163 கிலோ யூரியா, அதாவது மூன்றரை மூட்டைக்கும் மேல். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் ஏக்கருக்கு 75 கிலோ. நெல்லுக்கே 50, 60 கிலோவைப் பல தவணையாகப் பிரித்து மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்கிறோம். நீங்கள் 24 நாள் கீரைக்கு 75 கிலோ கொட்டியிருக்கிறீர்கள். அதுவும் எருவுக்கு மேலே. "ஒரு கை" என்று கொழுந்தன் சொன்னது நெல்லுக்குப் பழகிய கை.

சத்து விஷயத்தில் டீச்சரம்மா சொன்னதும் பாதி சரி, கொழுந்தன் சொன்னதும் பாதி சரி. ஏனென்றால் சத்து என்று ஒரே பொருள் கிடையாது.

கரும்பச்சை என்பது பச்சையம். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவில் ஒரு மக்னீசியம், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். தழைச்சத்து கிடைத்தால் இலை பச்சையத்தைப் பெருக்கும். பச்சையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் பீட்டா கரோட்டின், லூட்டின் போன்ற மஞ்சள் நிறமிகளும் கூடவே ஏறும். அவையும் ஆன்டி-ஆக்ஸிடன்ட்தான். புரதமும் கூடும். இந்த அளவுக்குக் கொழுந்தன் பக்கம் நியாயம் உண்டு.

ஆனால் வைட்டமின் சி வேறு சாதி. அதில் நைட்ரஜன் ஒரு அணுகூடக் கிடையாது. செடி அதைச் சர்க்கரையிலிருந்து செய்கிறது. ஃபீனால், ஃபிளேவனாய்டு என்கிற துவர்ப்புப் பொருள்களும் கரிமக் (கார்பன்) கூட்டம்தான். இவை ஃபீனைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிறக்கின்றன. அது ஒரு முச்சந்தி மாதிரி. தழைச்சத்து தாராளமாக இருந்தால் அந்த அமினோ அமிலம் புரதம் கட்டப் போய்விடும். பற்றாக்குறை என்றால், அதிலுள்ள நைட்ரஜனைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சும் கரிமத்தைத் துவர்ப்புப் பொருளாக்கும். நைட்ரஜனைக் கழற்றும் நொதிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு, அதை விட்டுவிடுவோம். செடிக்கு இந்தத் துவர்ப்பெல்லாம் வேலி. பூச்சி கடிக்காமல், வெயில் சுடாமல் காக்க. வீட்டில் கல்யாண வேலை நடக்கும்போது வேலி அடைக்க யார் போவார்கள்? உங்கள் யூரியா பாத்தியில் 24 நாளும் கல்யாணம். வேலி இல்லாத வீட்டுக்கு அசுவினி வந்ததில் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, புரதமாகாமல் சாற்றில் மிதக்கும் அமினோ அமிலம் அதற்கு விருந்து.

இதை 1983இல் பிரையன்ட், சேப்பின், க்ளைன் என்ற மூவர் ஒரு கருதுகோளாகவே எழுதினார்கள். அவர்கள் பார்த்தது கீரையை அல்ல, வடக்கே பனிக்காட்டுச் செடிகளை முயல் எப்படிக் கடிக்கிறது என்பதை. தழைச்சத்து குறைந்து வெயில் மிஞ்சினால் செடி கரிமத்தைப் பாதுகாப்புக்குத் திருப்பும் என்பது சாரம். பின்னால் வந்தவர்கள் அதில் நிறைய ஓட்டை கண்டுபிடித்தார்கள். இருந்தாலும் கீரைப் பாத்திக்கு அது பெரும்பாலும் பொருந்திவருகிறது.

டீச்சரம்மா சொன்ன தண்ணீருக்கும் காரணம் இதுதான். வேகமாகப் பெருத்த செல்லில் சுவர் மெல்லிசு, நீர் அதிகம். ஒரு கிலோ கீரையில் காய்ந்த சரக்கு குறைவு. இலை அடர்ந்து ஒன்றின்மேல் ஒன்று நிழல் விழுந்தால் வைட்டமின் சி இன்னும் குறையும்.

சிவப்புக் கீரைக்கு வருகிறேன். கத்தரிக்காய்த் தோல், சங்குப்பூ, நாவல்பழம் இவற்றின் நிறம் ஆந்தோசயனின். அதில் நைட்ரஜன் இல்லை. தண்டுக்கீரையின் சிவப்பு அது அல்ல. பீட்ரூட், வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ, தண்டுக்கீரை எல்லாம் ஒரே பெருங்குலம். இவற்றில் ஆந்தோசயனினுக்குப் பதில் பீட்டாலைன் என்ற நிறமி. இது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது, நைட்ரஜன் உள்ள பொருள். ஆகவே தழைச்சத்து கூடினால் இது குறைந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் வரிசையில் பச்சையம் ஏறிச் சிவப்பை மூடியிருக்கும். சிவப்பின்மேல் பச்சை ஏறினால் பழுப்பாகத்தான் தெரியும். பக்கத்துச் சிறுகீரை உயர்ந்து நிழல் விழுந்ததும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தால் சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழியுங்கள், நீலம் ஊதாவாகும். சிவப்புக் கீரை ஊறிய தண்ணீரில் பிழியுங்கள், சிவப்பு அப்படியே நிற்கும்.

பயமுறுத்தக் கூடாது என்றீர்கள், ஆனாலும் நைட்ரேட்டைச் சொல்லாமல் விடமுடியாது. தேவைக்கு மேல் உறிஞ்சியதைக் கீரை தண்டிலும் காம்பிலும் நைட்ரேட்டாகவே சேர்த்து வைக்கும். அதைப் புரதமாக்க வெயில் வேண்டும். அதனால் மேகமூட்டத்திலும் அதிகாலையிலும் நைட்ரேட் அதிகம், சாயங்காலம் குறைவு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மில்லிகிராம் வரை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது ஆயுசு முழுக்கத் தினமும் சாப்பிடுவதை நினைத்து வைத்த வரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2008இல் இதை அலசி, காய்கறியால் வரும் நன்மைதான் பெரிது என்று முடித்தது. கைக்குழந்தைக்குக் கொடுக்கும்போது மட்டும் கவனம். கடைந்த கீரையை வெளியே வைத்துவிட்டு ராத்திரி மறுபடி சுடவைத்து ஊட்டக் கூடாது, நைட்ரேட் நைட்ரைட்டாக மாறியிருக்கும்.

நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி. இலை மட்டும் 10 கிராம், பச்சைத் தண்ணீர் 100 மில்லி விட்டு அரைத்து வடிகட்டுங்கள். அதில் 20 மில்லி எடுத்து ஒரு கரண்டி ஆறிய சோற்றுக் கஞ்சி சேருங்கள். புண்ணுக்குப் போடும் பழுப்பு அயோடின் மருந்தைச் சமஅளவு தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைட்டமின் சி இருக்கும்வரை நிறம் விழுந்து விழுந்து மறையும். கருநீலம் மறையாமல் நிற்கும்போது எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். மற்றச் சில பொருளும் அயோடினைத் தின்னும் என்பதால் இது ஆய்வுக்கூட எண் ஆகாது. இரண்டு பாத்தியை ஒப்பிடப் போதும்.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

நான் ஒன்றேகால் ஏக்கர் தேயிலைக்காரன். எங்களுக்கும் இதே கதைதான். தழைச்சத்து கூடினால் கொழுந்தில் அமினோ அமிலம் கூடும், துவர்ப்புத் தரும் கேட்டச்சின் குறையும். ஜப்பானில் கியோகுரோ என்ற பச்சைத் தேநீருக்குச் செடிக்கு உரத்தை அள்ளிக் கொடுத்து, பறிக்குமுன் சுமார் 20 நாள் நிழலும் கட்டுகிறார்கள். துவர்ப்பு குறைந்து இனிப்பான ருசி வரவேண்டும் அவர்களுக்கு. நமக்குக் கறுப்புத் தேயிலை. கேட்டச்சின் இருந்தால்தான் சாயமும் சுருக்கென்ற ருசியும் வரும். ஒரே உரம் அங்கே ருசியைக் கூட்டுகிறது, இங்கே ருசியைக் குறைக்கிறது. கீரைக்கு எது நல்ல ருசி என்று டீச்சரம்மாவைத்தான் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

பாத்திக்காரி எழுதியது:

ஐயா, உங்களுக்குக் கோடி கும்பிடு. புதுசாக இரண்டு பாத்தி போட்டுப் பிடுங்கியபிறகு எழுதுகிறேன். அதே அளவு, அதே யூரியா. நிறையும் கிட்டத்தட்ட அதேதான் வந்தது.

முதல் நாள் சோதனை கோமாளித்தனமாக முடிந்தது. அரைத்த சாறு கறுத்துவிடுமே என்று, நெல்லிக்காய்க்குச் செய்கிற பழக்கத்தில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டேன். சொட்டு விடுகிறேன், விடுகிறேன், நீலமே நிற்கவில்லை. 40 தாண்டியது. "நம் கீரை நெல்லிக்காயையே மிஞ்சிவிட்டது" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிளஸ் டூ படிக்கிற மகள்தான் வந்து, "அம்மா, எலுமிச்சம்பழத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்று தடவை. யூரியா பாத்தி 12, 12, 13 சொட்டு. எருப் பாத்தி 17, 16, 17. சாறு பச்சை என்பதால் நீலம் எப்போது நின்றது என்று கண்டுபிடிக்க வெள்ளைத் தட்டுமேல் டம்ளரை வைத்துக் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. எலுமிச்சைச் சோதனையும் செய்தேன். சங்குப்பூ நிறம் மாறியது, கீரைச் சிவப்பு மாறவே இல்லை.

ஆக டீச்சரம்மா ஜெயித்துவிட்டார், இல்லையா? கொழுந்தனுக்கு எழுதிப் போடவேண்டும்.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

அவசரப்பட்டுப் போடாதீர்கள், அவனும் பெருக்கத் தெரிந்தவன்தான். 11 கிலோவை 12ஆல் பெருக்கினால் 132. 7 கிலோவை 17ஆல் பெருக்கினால் 119. பாத்தி முழுக்கக் கணக்கிட்டால் யூரியா பாத்திதான் அதிக வைட்டமின் சி விளைவித்திருக்கிறது. கட்டுக்குக் கட்டு பார்த்தால் எருப் பாத்தி. நிலத்தின் கணக்கு ஒன்று, தட்டின் கணக்கு ஒன்று. பத்திரிகையில் "உரம் போட்டால் சத்து குறைகிறது" என்று வருவதும், உரக்கடையில் "சத்து கூடுகிறது" என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த இரண்டு கணக்கை மாற்றிப் போடுவதால்தான். ஆனால் டீச்சரம்மா பாத்தியை வாங்கவில்லை, கட்டைத்தான் வாங்குகிறார். அவர் வயிறு ஒரு கட்டுக்குமேல் தாங்காது.

அதற்காகப் பட்டினி போட்டால் சத்து ஏறும் என்று எருவையும் நிறுத்திவிடாதீர்கள். சிறுகீரை 15ஆம் நாளே கதிர் தள்ளி, நார் விழுந்து, மாட்டுக்குத்தான் ஆகும். அடுத்த தடவை மூன்றாவது பாத்தி ஒன்று சேருங்கள். எருவோடு 10ஆம் நாள் ஒரே தடவை 80 கிராம், அதற்குமேல் கிடையாது. விதையைக் கொஞ்சம் நெருக்கமில்லாமல் தூவுங்கள், வெயில் அடியிலை வரை இறங்கட்டும். நீங்கள் சாயங்காலம் பிடுங்குவது நல்ல வழக்கம், அதை மாற்றவேண்டாம்.

இயற்கைவழி எழுதியது:

ஐயா சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, மண்ணுக்கு எரு செய்வதை மூட்டை செய்யாது. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். போன வருடம் என் பாலக்குக்குக் கோழி எருவை மூன்று தடவை அள்ளிப் போட்டேன். இலை காது மாதிரி தடிமனாக வளர்ந்து, அசுவினி அப்பி, பாதி குப்பைக்குப் போயிற்று. வானிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாத்திக்காரி எழுதியது:

மூன்றாவது பாத்தியைப் பிடுங்கியாயிற்று. 9 கிலோ. சொட்டு 15, 16, 15. பெருக்கிப் பார்த்தேன், மூன்றிலும் இதுதான் அதிகம்! அசுவினி இரண்டு செடியில் மட்டும், கிள்ளிப் போட்டுவிட்டேன். விடியற்காலம் கட்டு நிமிர்ந்தே இருந்தது. டீச்சரம்மாவுக்குச் சொல்லாமல் ஒரு கட்டு கொடுத்தேன். மறுநாள் வந்து ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு கட்டு கேட்டார்.

கொழுந்தனிடம் மூன்று எண்களையும் சொன்னேன். "80 கிராமும் யூரியாதானே மதினி, அப்படியென்றால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது" என்கிறான். அவனோடு பேசி ஜெயிக்கமுடியாது.

வாங்கிய மூட்டையில் 40 கிலோவுக்குமேல் மிச்சம் இருக்கிறது. இந்த வேகத்தில் அது என் பேத்தி காலம்வரை வரும். கிணற்றோரம் மாட்டுக்குப் போட்டிருக்கும் தீவனச் சோளத்துக்கு அள்ளி வீசித் தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

ஐயோ தங்கச்சி, அள்ளி வீசாதீர்கள். கீரைத் தண்டில் சேர்ந்த அதே நைட்ரேட் சோளத் தட்டையிலும் சேரும். மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டானால் ரத்தம் பழுப்பாகி மாடு மூச்சுத் திணறிச் செத்தே போகும். வாடல் கண்டு, பிறகு மழை பெய்து துளிர்த்த சோளமானால் இன்னும் மோசம். கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள், போட்டு இரண்டு மூன்று வாரமாவது விட்டு அறுங்கள், அடித்தட்டையை ஒரு சாண் விட்டு மேலே அறுங்கள். மீதியைக் கொழுந்தன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுங்கள், நெல் நிற்கிறதல்லவா.